பூகம்பம் அசைக்காத ஐந்தடுக்குக் கோவில்: பக்தபூரில் ஒரு நாள்

தெருவுக்குத் தெரு கோவில். வீட்டுக்கு வீடு மரச் சிற்பம். சுவரில் ஒரு மயில் தோகை விரித்து நிற்கிறது. அருகே போய்ப் பார்த்தால், அது ஒரு ஜன்னல்!

இப்படி ஓர் ஊர் இருக்கிறது. அதன் பெயர் பக்தபூர்.

நேபாள நாட்டின் தலைநகரான காட்மாண்டுவுக்குக் கிழக்கே 13 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது இந்த ஊர். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 4,600 அடி உயரம். "பட்காவ்" என்றும் இதற்குப் பெயர் உண்டு. ஊர்க்காரர்கள் தங்கள் நேவாரி மொழியில் "க்வொப" என்று சொல்வார்கள்.

பசுபதிநாதர் கோவிலுக்கும், ஆழ்வார்கள் பாடிய சாளக்கிராமம் என்று வைணவர்கள் வணங்கும் முக்திநாத்துக்கும் தமிழ்நாட்டில் இருந்து ஆண்டுதோறும் யாத்திரை போகிறார்கள். போகிறவர்கள் காட்மாண்டுவில் தங்குகிறார்கள். அங்கிருந்து ஒரே ஒரு நாள் ஒதுக்கினால் போதும். பக்தபூரை நடந்தே பார்த்து விடலாம்.

81 ஆண்டுகளில் இரண்டு பெரிய பூகம்பங்கள் இந்த ஊரைக் குலுக்கின. பல கோவில்கள் மண்ணோடு மண்ணாயின. ஆனால் ஊர் அழியவில்லை. அது எப்படி? அந்த ஒரு நாளில் அதையும் தெரிந்து கொள்ளலாம்.

சகோதரர்களின் போட்டி

காட்மாண்டுப் பள்ளத்தாக்கில் பழங்காலம் முதல் வாழ்ந்து வருகிறவர்கள் நேவார் மக்கள். விவசாயம், வியாபாரம், சிற்பம், தச்சு, உலோக வேலை எல்லாவற்றிலும் கை தேர்ந்தவர்கள். இந்துக் கடவுளையும் வணங்குவார்கள், புத்தரையும் வணங்குவார்கள்.

இவர்களை மல்ல வம்சத்து அரசர்கள் ஆண்டார்கள். முதலில் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே ராஜ்யமாக இருந்தது. பக்தபூர்தான் அதன் தலைநகர்.

1482-ம் ஆண்டு யட்ச மல்லர் என்ற அரசர் காலமானார். அதன் பிறகு அவருடைய வாரிசுகள் நாட்டைப் பங்கு போட்டுக் கொண்டார்கள். காட்மாண்டு, பாட்டன், பக்தபூர் என்று மூன்று ராஜ்யங்கள் உண்டாயின.

மூன்று அரசர்களும் அடிக்கடி சண்டை போட்டார்கள். சண்டை இல்லாத நாட்களில் இன்னொரு போட்டி நடந்தது. "அவன் கட்டிய கோவிலைவிட நான் கட்டுவது பெரிதாக இருக்க வேண்டும்" என்ற போட்டி!

அந்தப் போட்டியால் ராஜ்யங்களுக்கு நன்மை விளைந்ததோ இல்லையோ, கலைக்கு நன்மை விளைந்தது. அருகருகே மூன்று அழகு நகரங்கள் எழுந்தன. அவற்றில் பழமை மாறாமல் இருப்பது பக்தபூர். 1979-ம் ஆண்டு காட்மாண்டுப் பள்ளத்தாக்கின் ஏழு இடங்களை உலகப் பாரம்பரியச் சின்னம் என்று யுனெஸ்கோ அறிவித்தது. பக்தபூரின் அரண்மனைச் சதுக்கம் அந்த ஏழில் ஒன்று.

குளக்கரையில் தொடக்கம்

காலையில் காட்மாண்டுவில் இருந்து பஸ் அல்லது கார் புறப்படும். ஊர் எல்லையில் பெரிய குளம் ஒன்று வரவேற்கும். அதன் பெயர் சித்த போகரி. 15-ம் நூற்றாண்டில் வெட்டிய குளம். நீளம் சுமார் 900 அடி. வானம் தெளிவாக இருந்தால் வடக்கே பனி மலைகள் தெரியும்.

வெளிநாட்டினர் ஊருக்குள் நுழையக் கட்டணம் கட்ட வேண்டும். இந்தியா முதலான தெற்கு ஆசிய நாட்டினருக்குக் கட்டணம் குறைவு. நகராட்சி அதை வசூலிக்கிறது. கோவில்களைப் பழுது பார்க்க அந்தப் பணம் உதவுகிறது. ஆகவே சீட்டு வாங்குகிறவர், ஒரு செங்கல்லுக்கு நன்கொடை கொடுத்த மாதிரி!

வழிகாட்டி ஒருவரை அமர்த்திக் கொள்வது நல்லது. அரசாங்கத்தின் அனுமதி பெற்றவர்கள் இருக்கிறார்கள். இந்தியிலும் ஆங்கிலத்திலும் பேசுவார்கள். அவர்கள் இல்லாமல் போனால், பார்ப்பது எல்லாம் கல்லும் மரமும்தான். அவர்களோடு போனால் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கதை உண்டு.

கையை இழந்த சிற்பி

அரண்மனைச் சதுக்கத்தில் நுழைந்ததும் இடது பக்கம் இரண்டு கல் சிலைகளைக் காணலாம். ஒன்று உக்ரசண்டி தேவி. பதினெட்டுக் கைகள். எருமைத் தலை அசுரனை வதம் செய்கிறாள். இன்னொன்று பைரவர். பன்னிரண்டு கைகள். கழுத்தில் மண்டை ஓட்டு மாலை.

சிலைகளின் அழகைப் பார்த்துக் கொண்டே நின்றால், வழிகாட்டி ஒரு கதை சொல்வார்.

இந்தச் சிலைகளைச் செதுக்கி முடித்ததும் அரசர் மகிழ்ந்து போனார். உடனே அவருக்கு ஒரு கவலை வந்தது. "இதே போல இன்னொரு சிலையை இந்தச் சிற்பி பக்கத்து ராஜ்யத்துக்குச் செய்து கொடுத்து விட்டால்?"

அரசர் என்ன செய்தார் தெரியுமா? சிற்பியின் கைகளை வெட்டும்படி உத்தரவிட்டார்!

இது ஊரார் வழிவழியாகச் சொல்லி வரும் கதை. இதைக் கேட்ட பிறகு சிலைகளைப் பார்த்தால் மனம் கனத்துப் போகும். இந்தக் கதையை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். இதற்குப் பதில் சொல்கிற காட்சி ஒன்று மாலையில் காத்திருக்கிறது.

55 ஜன்னல் அரண்மனை

சதுக்கத்தின் வடக்குப் பக்கம் நீண்டு கிடக்கிறது அரண்மனை. செங்கல் சுவர். அதன் மாடியில் வரிசையாக மர ஜன்னல்கள். எண்ணிப் பார்த்தால் 55. அதனால் "55 ஜன்னல் அரண்மனை" என்றே பெயர் வந்து விட்டது. குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் எண்ணச் சொல்லலாம். பாதியில் கணக்குத் தவறி மறுபடியும் முதலில் இருந்து தொடங்குவார்கள்!

அரண்மனையின் வேலை 15-ம் நூற்றாண்டில் தொடங்கியது. பூபதீந்திர மல்லர் இதைப் புதுப்பித்தார். அவர் மகன் ரணஜித் மல்லர் முடித்து வைத்தார்.

அரண்மனைக்கு எதிரே உயரமான கல் தூண். அதன் உச்சியில் ஓர் அரசர் மண்டியிட்டு, கை கூப்பி அமர்ந்திருக்கிறார். அவர்தான் பூபதீந்திர மல்லர். 1696-ம் ஆண்டு முதல் 1722-ம் ஆண்டு வரை ஆண்டவர். நாட்டையே ஆண்டவர் யாரை வணங்குகிறார்? எதிரே இருக்கும் தலேஜு அம்மனை. மல்ல அரசர்களின் குலதெய்வம் இந்த அம்மன்.

அம்மன் கோவிலுக்குப் போகும் வழியில்தான் புகழ் பெற்ற தங்க வாசல் இருக்கிறது.

செம்புத் தகட்டைத் தட்டித் தட்டி உருவங்களை எழுப்பி, தங்க முலாம் பூசிய வாசல் இது. உச்சியில் பாம்புகளைப் பிடித்த கருடன். நடுவே பல தலைகளும் பல கைகளும் கொண்ட தேவி. சுற்றிலும் தெய்வங்கள், கொடிகள், பூக்கள். வெயில் பட்டால் கண் கூசும். ரணஜித் மல்லர் 18-ம் நூற்றாண்டின் நடுவில் இதை அமைத்தார்.

ஆனால் தங்க வாசல் அவர் ராஜ்யத்தைக் காக்கவில்லை. வாசல் எழுந்து 20 ஆண்டுகள் முடிவதற்குள் ராஜ்யம் போயிற்று. கூர்க்கா அரசர் பிருதிவி நாராயண் ஷா படையெடுத்து வந்தார். 1768-ல் காட்மாண்டுவும் பாட்டனும் விழுந்தன. 1769-ல் பக்தபூர் விழுந்தது.

இதில் ஒரு சோகம் உண்டு. படையெடுத்து வந்த அதே பிருதிவி நாராயண் ஷா, இளம் வயதில் பக்தபூர் அரண்மனையில் விருந்தாளியாகத் தங்கி இருந்தவர்! தோற்றுப்போன முதிய அரசர் ரணஜித் மல்லர், "என்னைக் காசிக்கு அனுப்பி விடுங்கள்" என்று மட்டும் கேட்டுக் கொண்டார். அப்படியே அனுப்பி வைத்தார்கள். அவரோடு பக்தபூரின் ராஜ வாழ்வு முடிந்தது.

தலேஜு கோவில் முற்றத்துக்குள் இந்துக்களுக்கு மட்டுமே அனுமதி. அங்கே படம் எடுக்கக் கூடாது.

நாய் குரைக்கும் மணி

சதுக்கத்தில் ஒரு பெரிய மணி தொங்குகிறது. தலேஜு அம்மன் பூஜைக்காக 1737-ல் ரணஜித் மல்லர் வைத்தது. பக்கத்திலேயே சின்ன மணி ஒன்றும் உண்டு. அதை வைத்தவர் பூபதீந்திர மல்லர். அவர் கண்ட கெட்ட கனவு பலிக்காமல் இருக்க அதை வைத்தாராம்.

சின்ன மணியின் பெயர் என்ன தெரியுமா? "நாய் குரைக்கும் மணி!" இந்த மணியை அடித்தால் தெருவில் இருக்கும் நாய்கள் ஊளையிடும் என்கிறார்கள். பெயர் அப்படித்தான் வந்தது.

விழுந்தவையும் எழுந்தவையும்

பக்தபூர் சதுக்கம் விசாலமாக இருக்கிறது. காற்று நன்றாக வருகிறது. வருகிறவர்கள், "ஆகா, எவ்வளவு பெரிய இடம்!" என்று பாராட்டுவார்கள்.

வழிகாட்டி சிரிக்க மாட்டார். "இது இவ்வளவு பெரிய இடம் இல்லை. இங்கே கோவில்கள் இருந்தன" என்பார்.

1934-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி பயங்கரமான பூகம்பம் ஏற்பட்டது. பீகாரும் நேபாளமும் குலுங்கின. நேபாளத்தில் மட்டும் 8,500-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பக்தபூரில் வீடுகள் சரிந்தன. சதுக்கத்தில் இருந்த பல கோவில்கள் விழுந்தன. விழுந்த சில கோவில்கள் திரும்ப எழவே இல்லை. இன்று காணும் விசாலம், அன்று நேர்ந்த இழப்பு.

அப்படி விழுந்தவற்றில் ஒன்று சியாசிலின் மண்டபம். எட்டுப் பட்டை கொண்ட மர மண்டபம். அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த இடம் காலியாகக் கிடந்தது. பிறகு மேற்கு ஜெர்மனி உதவிக்கு வந்தது. பழைய படங்களைப் பார்த்தும், மிஞ்சி இருந்த பழைய மரங்களைச் சேர்த்தும் 1990-ல் மண்டபத்தை மீண்டும் எழுப்பினார்கள்.

எழுப்பியவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். மரத்தோடு உள்ளே எஃகுச் சட்டமும் வைத்தார்கள். "பழைய மண்டபத்தில் எஃகா? இது அடுக்குமா?" என்று முணுமுணுத்தவர்கள் உண்டு.

25 ஆண்டுகள் சென்றன. 2015-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி சனிக்கிழமை. நேபாளப் புத்தாண்டு பிறந்து பன்னிரண்டாவது நாள். நண்பகல் ஆவதற்குச் சில நிமிடங்களே இருந்தன. பூமி மீண்டும் ஆடியது. நாடு முழுவதும் ஏறக்குறைய 9,000 பேர் உயிர் இழந்தனர். சனிக்கிழமை நேபாளத்தில் பள்ளி விடுமுறை. இல்லாவிட்டால் எத்தனை குழந்தைகள் இடிபாட்டில் சிக்கி இருப்பார்களோ!

அரண்மனைக்கு எதிரே இருந்த வத்சலா தேவியின் கல் கோவில் தரைமட்டம் ஆயிற்று. அதற்குச் சற்றுத் தூரத்தில் நிற்கும் சியாசிலின் மண்டபமோ விழவில்லை. எஃகுச் சட்டம் தாங்கிக் கொண்டது.

வத்சலா கோவிலும் அப்படியே கிடந்து விடவில்லை. விழுந்த கற்களைச் சேகரித்தார்கள். உடைந்தவற்றுக்குப் பதிலாகப் புதுக் கல் செதுக்கினார்கள். இன்று கோவில் பழையபடி நிற்கிறது.

ஒரு லட்சம் மடங்கு பலம்

சதுக்கத்தில் இருந்து சில நிமிட நடை. சந்து திரும்பியதும், தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டும். கழுத்து வலிக்கும்!

இதுதான் ஞாதபோலக் கோவில். ஐந்து அடுக்குக் கூரை. சுமார் 100 அடி உயரம். நேபாளத்திலேயே மிக உயரமான பழங்காலக் கோவில்களில் ஒன்று. ஞாதபோல என்றால் ஐந்து அடுக்கு என்று அர்த்தம்.

பூபதீந்திர மல்லர் 1702-ல் இதைக் கட்டி முடித்தார். வேலை ஒரு வருடம்கூட நடக்கவில்லை. அரசரே செங்கல் சுமந்தார் என்றும், அதைக் கண்ட ஜனங்கள் போட்டி போட்டுக் கொண்டு கல்லும் மரமும் கொண்டு வந்து குவித்தார்கள் என்றும் சொல்லுகிறார்கள்.

கோவில் ஐந்து மேடைகளின் மேல் நிற்கிறது. படியின் இரு பக்கமும், மேடைக்கு இரண்டு காவலர் வீதம் சிலைகள். இங்கே ஒரு கணக்கு இருக்கிறது.

முதல் மேடையில் ஜயமல், பட்டா என்ற இரண்டு மல்லர்கள். சாதாரண மனிதனைப் போலப் பத்து மடங்கு பலசாலிகள்.

இரண்டாவது மேடையில் யானைகள். மல்லரைவிடப் பத்து மடங்கு பலம்.

மூன்றாவதில் சிங்கங்கள். யானையைவிடப் பத்து மடங்கு.

நான்காவதில் யாளி போன்ற விசித்திர மிருகங்கள். சிங்கத்தைவிடப் பத்து மடங்கு.

ஐந்தாவதில் வியாக்கிணி, சிம்மிணி என்ற இரண்டு தேவதைகள். அதைவிடப் பத்து மடங்கு.

அப்படியானால் மேலே நிற்கும் தேவதைகளுக்கு மனிதனைப் போல எத்தனை மடங்கு பலம்? ஒரு லட்சம் மடங்கு! படியிலேயே உட்கார்ந்து விரல் விட்டு எண்ணும் பிள்ளைகளை அங்கே எப்போதும் பார்க்கலாம்.

காவலருக்கே இவ்வளவு பலம் என்றால், உள்ளே இருக்கும் தெய்வத்துக்கு? உள்ளே இருப்பவள் சித்தி லட்சுமி. அவளை யாரும் பார்க்க முடியாது. பூசாரிகள் தவிர வேறு எவரும் உள்ளே போகக் கூடாது. ஊர் மக்களே வெளியே நின்றுதான் கும்பிடுகிறார்கள்.

1934 பூகம்பத்தில் இந்தக் கோவிலின் உச்சிக் கூரை மட்டுமே சேதம் அடைந்தது. 2015-ல் சிறு சேதத்தோடு தப்பியது. "அம்மன் காப்பாற்றினாள்" என்கிறார்கள் பக்தர்கள்.

கட்டடக் கலை அறிந்தவர்கள் காரணம் சொல்லுகிறார்கள். அடியில் அகலமான மேடைகள். மேலே போகப்போகக் குறுகும் அடுக்குகள். அதனால் பாரம் எல்லாம் கீழே. செங்கல் சுவருக்கு இடையே மரச் சட்டங்கள். அவற்றை இறுக்குவது மர ஆப்பு. பூமி ஆடும்போது மரம் சிறிது வளைந்து கொடுக்கும், ஒடியாது.

வளைந்து கொடுத்ததால்தான் நிமிர்ந்து நிற்கிறது இந்தக் கோவில்!

தலை மட்டும் உள்ள சாமி

ஞாதபோலக் கோவிலுக்குப் பக்கத்தில் மூன்று அடுக்குக் கோவில் ஒன்று. அது பைரவநாதர் கோவில். 1934-ல் இடிந்து, பிறகு மீண்டும் கட்டியது. கோவில் பெரிது. ஆனால் உள்ளே இருக்கும் சாமி ஓர் அடி உயரம்தான். அதுவும் தலை மட்டும்!

அதற்கும் கதை உண்டு. காசி விசுவநாதர் மாறுவேடத்தில் பக்தபூர்த் திருவிழா பார்க்க வந்தாராம். இங்கே இருந்த மாந்திரீகர்கள் அவரை அடையாளம் கண்டு கொண்டார்கள். "சாமியை ஊரைவிட்டு விடக் கூடாது" என்று மந்திரத்தால் கட்டினார்கள். அவர் பூமிக்குள் மறையப் பார்த்தார். அதற்குள் தலையை எடுத்து வைத்துக் கொண்டார்களாம்.

இந்தப் பைரவரின் கோபத்தைத் தணிக்கவே, அவரைவிடச் சக்தி வாய்ந்த தேவிக்கு எதிரே ஞாதபோலக் கோவிலைக் கட்டினார்கள் என்பதும் ஊரார் நம்பிக்கை.

கோவிலின் ஓரத்தில் பெரிய மரச் சக்கரங்கள் கிடக்கும். அவை பைரவரின் தேர்ச் சக்கரங்கள். ஏப்ரல் மாத நடுவில் நேபாளப் புத்தாண்டு பிறக்கும். நம் சித்திரைப் புத்தாண்டும் அப்போதுதான். இரண்டும் சூரியக் கணக்கு. அந்தச் சமயத்தில் பக்தபூரில் "பிஸ்கெட் ஜாத்திரை" நடைபெறும்.

நம் ஊரில் தேரை எல்லோரும் ஒரே பக்கம் இழுப்பார்கள். அங்கே மேலூர்க்காரர்கள் ஒரு பக்கம், கீழூர்க்காரர்கள் மறு பக்கம்! இரண்டு கோஷ்டிக்கும் கயிறு இழுக்கும் போட்டி. ஜெயித்தவர்கள் பகுதிக்குத் தேர் போகும். ஆரவாரத்தில் காயம் படுவதும் உண்டு. சில ஆண்டுகளில் உயிர்ச் சேதமும் நேர்ந்திருக்கிறது.

ஊர்க் கோடியில் பெரிய கம்பம் ஒன்றையும் நடுவார்கள். அதில் இரண்டு நீண்ட கொடிகள் தொங்கும். அவை இரண்டு பாம்புகளைக் குறிக்கும்.

முன்பு ஓர் இளவரசி இருந்தாளாம். அவளை மணந்தவர்கள் எல்லாம் முதல் இரவே இறந்து போனார்கள். கடைசியாக வந்த ராஜகுமாரன் தூங்காமல் விழித்திருந்தான். நடு இரவில் இளவரசியின் மூக்கில் இருந்து இரண்டு பாம்புகள் வெளிவந்தன! அவன் வாளை எடுத்து வெட்டிப் போட்டான். அந்தப் பாம்புகளைத்தான் ஊருக்குக் காட்டுகிறார்கள். கம்பத்தை இறக்கியதும் புத்தாண்டு பிறக்கும்.

தயிருக்கு ராஜா

நண்பகல் ஆயிற்று. வயிறு கூப்பிடும்.

பக்தபூருக்குப் போய் தயிர் சாப்பிடாமல் வருவது, திருநெல்வேலிக்குப் போய் அல்வா வாங்காமல் வருவது போல! அதன் பெயர் "ஜுஜு தௌ". ஜுஜு என்றால் ராஜா. தௌ என்றால் தயிர்.

எருமைப் பாலைச் சுண்டக் காய்ச்சி, சர்க்கரை சேர்த்து, மண் சட்டியில் ஊற்றி, சூடு ஆறாமல் உமியிலும் கம்பளியிலும் பொதிந்து வைப்பார்கள். மண் சட்டி நீரை உறிஞ்சிக் கொள்ளும். தயிர் கட்டியாக உறையும். சட்டியைச் சாய்த்தாலும் சிந்தாது. கரண்டியால் வெட்டி எடுக்க வேண்டும்.

தமிழர்களுக்கு இன்னொரு ஆச்சரியம், "பாரா" என்ற பலகாரம். உளுந்தை அரைத்துத் தட்டையாக வார்த்துச் சுடுகிறார்கள். நம் அடைக்குத் தம்பி! ஆனால் அதன் மேல் முட்டையோ இறைச்சியோ வைத்துத் தருவதும் உண்டு. சைவம் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

குயவர் சதுக்கம்

தயிர்ச் சட்டி எங்கிருந்து வருகிறது? சில அடி தூரத்தில் இருக்கும் குயவர் சதுக்கத்தில் இருந்து.

இங்கே பிரஜாபதி என்ற குலத்தார் மண்பாண்டம் செய்கிறார்கள். கறுப்புக் களிமண். கனத்த சக்கரம். கம்பால் சுழற்றி விட்டதும் கை பட்ட இடத்தில் சட்டி எழும்புகிறது. சதுக்கம் முழுவதும் பானை, உண்டியல், தொட்டி, விளக்கு வெயிலில் காயும். நடக்கும்போது காலைப் பார்த்து வைக்க வேண்டும். காய்ந்த பாண்டங்களை அடுக்கி, வைக்கோலும் சாம்பலும் மூடிச் சுடுவார்கள்.

அறுவடைக் காலமானால் பானைக்குப் பக்கத்தில் நெல்லும் காயும். தெருவில் கறுப்புப் புடவையில் சிவப்புக் கரை போட்ட உடுப்போடு வயதான பெண்கள் நெல்லைப் புரட்டுவார்கள். ஆண்கள் தலையில் பக்தபூர்க் கறுப்புத் தொப்பி.

ஜன்னலில் ஒரு மயில்

பிற்பகலில் ஊரின் கிழக்குக் கோடிக்குப் போகலாம். ஊரின் மிகப் பழைய பகுதி அது. நடுவே தத்தாத்திரேயர் கோவில். பிரம்மா, விஷ்ணு, சிவன் மூவரும் ஒருவராகிய தெய்வம். 15-ம் நூற்றாண்டில் யட்ச மல்லர் காலத்தில் எழுந்தது. ஒரே மரத்தில் இருந்து எடுத்த பலகைகளால் கட்டியது என்று சொல்லுகிறார்கள். வாசலில் காவல் நிற்பவர்கள் யார்? ஞாதபோலக் கோவிலில் பார்த்த அதே ஜயமல், பட்டா!

கோவிலுக்குப் பின்னால் பூஜாரி மடம். அதன் ஓரத்தில் ஒரு குறுகிய சந்து. அங்கேதான் அந்த மயில் ஜன்னல்.

நடுவே மயில் நிற்கிறது. தோகை வட்டமாக விரிந்திருக்கிறது. தோகையின் கீற்றுகளே ஜன்னலின் கம்பிகள். இடையே காற்றும் வெளிச்சமும் வரும். உள்ளே இருப்பவர் வெளியே பார்க்கலாம். வெளியே இருப்பவருக்கு மயில் மட்டுமே தெரியும். பக்தபூரின் மர ஜன்னல்களுக்கு எல்லாம் ராணி இது.

சுற்றிலும் மர வேலைக் கடைகள். இதே மயிலைச் சின்னதாகச் செதுக்கி விற்கிறார்கள். உளியின் சத்தம் ஓயாமல் கேட்கும். காலையில் கேட்ட கதைக்குப் பதில் இங்கே இருக்கிறது.

தலைமுறை தலைமுறையாக அப்பனிடம் மகன் கற்றுக் கொண்ட தொழில் இது. 1934-க்குப் பிறகும் உளி ஓயவில்லை. 2015-க்குப் பிறகும் ஓயவில்லை. விழுந்த கோவிலுக்கு எந்தத் தூண் எங்கே நின்றது, எந்தச் சட்டத்தில் எந்தத் தெய்வம் இருந்தது என்று தெரிந்த தச்சர்களும் சிற்பிகளும் ஊரிலேயே இருந்தார்கள். அதனால்தான் கோவில்கள் எழுந்தன. கல்லை அனுப்பலாம், பணத்தை அனுப்பலாம். கையை யாரும் அனுப்ப முடியாது.

சிற்பியின் கைகளை அரசர் வெட்டினார் என்று கதை சொல்லும் ஊர் இது. அந்த ஊரைக் காப்பாற்றியவையும் சிற்பிகளின் கைகளே!

வீடு என்ன ஆகும்?

கோவில் எழுந்து விட்டது. வீடு?

பக்தபூர் பொருட்காட்சிச் சாலை அல்ல. ஜனங்கள் குடியிருக்கும் ஊர். 2015-ல் இடிந்த வீடுகளின் சொந்தக்காரர்கள் பலர், ஆண்டுக் கணக்கில் தகரக் கொட்டகையில் காலம் தள்ளினார்கள்.

திரும்பக் கட்டுவது எளிதல்ல. தகப்பனார் காலமானால் பிள்ளைகள் வீட்டைப் பங்கு போடுகிறார்கள். ஒருவருக்கு மேல் மாடி, ஒருவருக்குக் கீழ் மாடி என்று அல்ல. தரையில் இருந்து கூரை வரை நெட்டாக வகுந்து எடுத்துக் கொள்கிறார்கள்! அடுத்த தலைமுறையில் அது மேலும் குறுகும். ஒரு வீட்டை இடித்துக் கட்ட வேண்டுமானால் அண்ணன் தம்பி எல்லோரும் சம்மதிக்க வேண்டும்.

பழைய முறையில் கட்ட நல்ல செங்கல் வேண்டும். சால மரம் வேண்டும். செதுக்கக் கூலி வேண்டும். சிமெண்டுக் கட்டடத்துக்கு ஆகும் செலவு குறைவு. "பிள்ளை குட்டிகளோடு பயம் இல்லாமல் தூங்கினால் போதும், மயில் ஜன்னல் எதற்கு?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்கள் கேட்பதும் நியாயமே. பூகம்பத்தில் வீட்டார் மேல் விழுந்தது அந்தப் பழைய செங்கல்தானே!

"ஊரின் முகம் மாறிவிட்டால் யார் வருவார்கள்? வழிகாட்டிக்கும் குயவனுக்கும் தயிர்க்காரனுக்கும் பிழைப்பு ஏது?" என்று கேட்கிறவர்களும் உண்டு. இதுவும் நியாயமே.

இரண்டுக்கும் நடுவே நகராட்சி ஒரு வழி சொல்லுகிறது. பழைய பகுதியில் உள்ளே உறுதியான கம்பியும் சிமெண்டும் இருக்கலாம். வெளியே செங்கல் முகப்பும், மர ஜன்னலும், சாய்வான ஓட்டுக் கூரையும் இருக்க வேண்டும். அப்படிக் கட்டுகிறவர்களுக்கு உதவித் தொகை உண்டு. சியாசிலின் மண்டபம் காட்டிய வழியும் இதுதான்: வெளியே மரம், உள்ளே எஃகு.

போகிறவர்களுக்கு

இந்தியர்கள் நேபாளம் போக விசா தேவை இல்லை. பாஸ்போர்ட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ கையில் இருக்க வேண்டும். அக்டோபர், நவம்பர், மார்ச், ஏப்ரல் மாதங்கள் நல்ல பருவம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. தெருவெல்லாம் கல்லும் செங்கல்லும் பாவியவை. முதியவர்கள் உறுதியான செருப்பு அணிந்து மெதுவாக நடக்க வேண்டும்.

நேரம் மிஞ்சினால் வடக்கே சில கிலோ மீட்டர் தூரத்தில் குன்றின் மேல் இருக்கும் சாங்கு நாராயணர் கோவிலுக்கும் போய் வரலாம். கி.பி. 464-ம் ஆண்டில் மானதேவர் என்ற அரசர் பொறித்த கல்வெட்டு அங்கே நிற்கிறது.

மாலை ஆனால் பஸ்கள் காட்மாண்டுவுக்குத் திரும்பும். உல்லாசப் பயணிகள் போய் விடுவார்கள். கடைகளைச் சாத்துவார்கள். அப்போதுதான் பக்தபூர் தன் வேலையைத் தொடங்கும். தெரு ஓரக் கோவில்களில் விளக்கு ஏறும். கல் மண்டபங்களில் பெரியவர்கள் கூடி, தாளமும் மத்தளமும் வைத்துப் பஜனை பாடுவார்கள். ஊர்ப் பிள்ளைகள் ஞாதபோலக் கோவில் படிகளில் ஏறி விளையாடுவார்கள்.

அந்தப் பிள்ளைகளில் சிலர் நாளைக்கு உளி பிடிக்க வேண்டும். பிடித்தால், இன்னொரு பூகம்பம் வந்தாலும் பக்தபூர் எழுந்து நிற்கும்.